கழிவுக்காசு யார் வீட்டுக் காசு?

குதிரைகள் கூண்டை விட்டு வெளிக்கிட்ட பிறகும் திரையில் ஒட்ஸ், அதாவது வென்றால் கிடைக்கும் விலை, இறங்கிக்கொண்டிருக்கும். கதவு திறக்கும்போது 5/1 (ஒன்று கட்டினால் ஐந்து இலாபம்) நின்ற குதிரை, முதல் வளைவு திரும்பும்போது 3/1. இரவு பத்தரைக்குப் பிறகு போனில் நியூயோர்க் றேஸ் பார்க்கிற யாழ்ப்பாணத்துப் பெடியளைக் கேட்டால், "உள்ளுக்குள்ள கள்ள வேலை நடக்குது அண்ணை" என்பார்கள். சட்டப்படி பார்த்தால் அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இறக்கத்தால் யாருடைய காசு குறைகிறது என்று கணக்குப் பார்த்தால், பெடியன் சொன்னதில் பாதி சரி.

அமெரிக்கா, ஹொங்கொங், பிரான்ஸ் போன்ற இடங்களில் பெரும்பாலும் டோட் முறைதான். நம்மூர் ஏலச்சீட்டுப் போல: எல்லோரும் கட்டிய காசு ஓரிடத்தில் சேரும், தாச்சி தன் பங்கை எடுப்பார், மிச்சம் ஆட்களுக்குள் பிரியும். தாச்சிக்கு யார் எடுத்தாலும் ஒன்றுதான். டோட்டில் அந்தத் தாச்சிப் பங்கைப் பிடித்தம் என்று வைத்துக்கொள்வோம். நியூயோர்க்கில் வெற்றிப் பந்தயத்துக்கு 16 வீதம், முதல் இரண்டு குதிரைகளை வரிசைப்படி சொல்வதற்கு 18.5, முதல் மூன்றுக்கு 24. மிச்சக் காசை வென்ற ரிக்கெற்றுகளால் பிரித்தால் வருவதுதான் ஒட்ஸ். யாரும் உட்கார்ந்து விலை வைப்பதில்லை. கடைசிக் காசு உள்ளே வரும்வரை விலை முடிவதும் இல்லை.

அந்தக் கடைசிக் காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் விசயம். மைதானத்து யன்னல், ஊர்க்கடை, போன் கணக்கு, கடல் கடந்த மையம் என்று பல வாசல்களில் கட்டப்படும் காசு, மைதானத்தின் டோட் கணினிக்குச் சில பத்துச் செக்கன்களுக்கு ஒருமுறை மொத்தமாகப் போய்ச் சேரும். திரை புதுப்பிக்கப்படுவதும் அதே தாளத்தில்தான். கூண்டு திறந்ததும் பந்தயம் பூட்டப்படும். ஆனால் இப்படிக் காசு போய்ச் சேரும் கடைசிச் சுற்றில் ஏறிய காசு திரைக்கு வரும்போது குதிரைகள் பாதி வழி ஓடியிருக்கும். அந்தக் கடைசிச் சுற்றில் நிறைந்திருப்பது கணினிக் குழுக்களின் காசு. ஒவ்வொரு குதிரைக்கும் வெல்லும் வாய்ப்பு இவ்வளவு என்று அவர்களின் நிரல் கணித்து வைத்திருக்கும். அதைத் திரையிலுள்ள விலையோடு ஒப்பிட்டு, மலிவாகக் கிடக்கும் சேர்க்கைகளை ஆயிரக்கணக்கில் ஒரே கோப்பாகக் கடைசிச் செக்கன்களில் அனுப்புவார்கள். முந்தி அனுப்பினால் விலை மாறிவிடும், மற்றவர்களும் பார்த்துவிடுவார்கள். ஆகவே பிந்தி.

இந்தக் குழுக்கள் மைதானத்து யன்னலில் கட்டுவதில்லை. கரிபியன் பக்கத்துக் குராசோ, சென் கிற்ஸ் போன்ற தீவுகளில் பதிவு செய்யப்பட்ட கடைகள் வழியாகக் கட்டுவார்கள். காரணம் றிபேற், அதாவது கழிவு. வென்றாலும் தோற்றாலும், கட்டிய மொத்தக் காசில் ஒரு குறித்த பங்கு திரும்பி வரும்.

அந்தக் கழிவு எப்படிக் கட்டுபடியாகிறது என்று ஒரு மாதிரிக் கணக்குப் போடலாம். பிடித்தம் 20 வீதம் என்று வையுங்கள். மைதானத்து யன்னலில் 100 டொலர் கட்டினால் 20 டொலர் பிடிபடும். வரி, இனவிருத்தி நிதி போன்ற சில்லறைகள் போக மிச்சம் மைதானத்துக்கும் பரிசுப்பணத்துக்குமாகப் பிரியும். ஆளுக்கு 9 டொலர் என்போம். அதே 100 டொலர் தீவுக் கடை வழியாக வந்தால், 20 டொலரைக் கடைதான் முதலில் பிடிக்கும். அதிலிருந்து றேஸை நடத்துகிற மைதானத்துக்குச் சிக்னல் கட்டணமாக, அதாவது றேஸின் படத்தைக் காட்டிப் பந்தயம் எடுக்கும் விலையாக, 7 கொடுக்கும். ஆட்டக்காரனுக்கு 10 கழிவு. கடைக்கு 3. மைதானமும் பரிசுப்பணமும் அந்த 7 ஐப் பிரித்தால் தலைக்கு 3.50. ஆக, யன்னலில் விழுந்த ஒரு டொலரை ஈடுகட்டக் கழிவுக்கடையிலிருந்து இரண்டரை டொலருக்கு மேல் வர வேண்டும்.

இந்தச் சிக்னல் கட்டணம் ஏன் இவ்வளவு குறைவு? ஒரு மைதானத்தின் படத்தை இன்னொரு மைதானத்தில் காட்டிப் பந்தயம் எடுக்கும் பழக்கம் தொடங்கிய காலத்தில் 3 வீதம் அளவே கேட்டார்கள். படம் வாங்குகிற மைதானத்துக்கும் குதிரை வளர்ப்பு, பரிசுப்பணம், ஊழியர் என்று செலவு உண்டு. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு என்ற சமன்பாடு. தீவுக் கடைக்குக் குதிரையும் இல்லை, புல்வெளியும் இல்லை, லாயத்துக்கு வைக்கோலும் வாங்க வேண்டியதில்லை. அதே மலிவு விலையில் சிக்னலை வாங்கி, மிஞ்சியதைக் கழிவாகக் கொடுத்துப் பெரிய கைகளை இழுத்துக்கொண்டது. மைதானங்கள் முழித்துக்கொண்டு கட்டணத்தை உயர்த்தியது பிறகுதான்.

இவ்வளவும் மேலோட்டமான நட்டம். உள்ளே இருப்பது இன்னும் பெரிது, அதைப் பலர் கவனிப்பதில்லை.

20 வீதப் பிடித்தத்தில் சாதாரண ஆளுக்கு 100 க்குச் சராசரியாக 80 திரும்பும். கெட்டிக்காரக் கணினிக் குழுவுக்கு 92 திரும்புகிறது என்று வைப்போம். அபாரமான திறமை, ஆனாலும் 8 நட்டம். கழிவு இல்லாவிட்டால் அந்தக் குழு கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கும். 10 கழிவு வந்தால் 102. இரண்டு வீத இலாபம்தான். ஆனால் வருசத்துக்கு 50 மில்லியன் டொலர் கட்டினால் ஒரு மில்லியன். தோற்கிற ஆட்டத்தை வெல்கிற தொழிலாக்கியது கழிவுதான்.

இனி அந்த 92 இல், சராசரிக்கு மேற்பட்ட 12 எங்கிருந்து வந்தது? டோட்டில் வெளிக்காசு கிடையாது. மொத்தம் 300 டொலர் சேர்ந்த ஒரு பந்தயத்தில் 100 குழுவினுடையது, 200 மற்றவர்களுடையது என்று எடுங்கள். (அமெரிக்காவில் மொத்தப் பந்தயத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கணினிக் குழுக்களுடையது என்பது துறைக்குள் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.) பிடித்தம் 60 போகத் திரும்புவது 240. குழு 92 எடுத்தால் மற்றவர்களுக்கு 148. 200 கட்டி 148 எடுக்கிறவனுக்குப் பலகையில் 20 வீதம் என்று எழுதியிருந்தாலும் உண்மையான பிடித்தம் 26 வீதம். அவன் சலித்துப்போய் விலக, குழுவின் பங்கு பாதிக்கு வந்தால்? 200 சேரும், 160 திரும்பும், 92 குழுவுக்கு, 68 மற்றவர்களுக்கு: பிடித்தம் 32. நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது. சாதாரண ஆட்களின் மெத்தனக் காசு குறையக் குறையக் குழுக்களுக்குள்ளேயே அடிபிடி வந்து அவர்களின் 92 உம் இறங்கும். ஆனால் திசை அதுதான்.

மைதானத்துக்காரர் இதற்கு வழமையாகச் சொல்லும் பதில்: "குழுக்காரன் மற்றவனிடம் எடுத்தால் எடுக்கட்டும், எங்கள் பிடித்தம் மொத்தத் தொகையில்தானே, அது குறையவில்லையே." இந்த வாதம் பிழை. ஏன் பிழை என்பதைக் கையில் 10,000 ரூபா வைத்திருக்கும் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். அவர் அதை ஒரே தடவையில் தொலைப்பதில்லை. வென்றதைத் திரும்பக் கட்டி, திரும்பக் கட்டி, முடியும்வரை ஆடுவார். 20 வீதம் என்றால் அந்த 10,000 மொத்தம் 50,000 ரூபாப் பந்தயமாகச் சுழலும். அதில் 20 வீதம், அதாவது 10,000 முழுவதும் பிடித்தமாக றேஸுக்கே போகும். 26 வீதம் என்றால் சுழற்சி 38,460 ரூபாவில் நின்றுவிடும். றேஸுக்குப் போவது அதில் 20 வீதம், 7,690. மிச்சம் 2,310 குழுவின் பைக்குள். முன்பு முழுவதும் பரிசுப்பணத்துக்கும் மைதானத்துக்கும் வந்த காசில் ஏறக்குறைய கால்வாசி வேறு வாசலால் போய்விட்டது. குழு கட்டும் தொகையால் மொத்தப் பந்தயத் தொகை பெரிதாகத் தெரிவதால் வருடாந்த அறிக்கையில் இது கண்ணில் படாது. போதாததற்கு, அந்த ஆள் நாலு மணித்தியாலம் ஆடிய காசு இப்போது மூன்று மணித்தியாலத்தில் முடிகிறது. அடுத்த சனிக்கிழமை அவர் கிரிக்கெற் பந்தயத்துக்குப் போவார், அல்லது வீட்டில் இருப்பார்.

அமெரிக்காவில் மொத்தப் பந்தயத் தொகை 2003 இல் 15 பில்லியன் டொலரைத் தாண்டியது. 2010 இல் 11.4 பில்லியன். 2023 இல் 11.7 பில்லியனுக்குக் கிட்ட. பணவீக்கத்தைக் கழித்தால் இருபது வருசத்தில் பாதிக்கும் கீழே. எல்லாவற்றையும் கழிவின் தலையில் போடக்கூடாது. கசினோ, லொத்தர், 2018 க்குப் பிறகு விளையாட்டுப் பந்தயம் என்று போட்டி பெருகியது. ஆனால் இந்த 11.7 க்குள் கணினிக் குழுக்களின் பங்கு 2003 இல் இருந்ததைவிட மிகப் பெரிது. ஆகவே சாதாரண ஆளின் காசு எவ்வளவு சுருங்கியிருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். இதில் வேடிக்கை, அமெரிக்காவின் பெரிய மைதான உரிமையாளர்களே இன்று இப்படியான கழிவுக்கடைகளில் பங்கு வைத்திருக்கிறார்கள். எதிர்த்துப் பார்த்து, முடியாமல், பங்காளியானார்கள்.

தடுக்க முயன்றவர்களும் உண்டு. நியூயோர்க் மைதானங்கள் 2021 இல் வெற்றிப் பந்தயத்தில் கணினிக் குழுக்களுக்கு ஓட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவைப் பூட்டத் தொடங்கின. கடைசிச் சுற்றில் ஒட்ஸ் பாய்வது குறைந்தது. ஆனால் முதல் மூன்று, முதல் நான்கு போன்ற சேர்க்கைப் பந்தயங்களில் பிடித்தமும் கூடுதல், கழிவும் கூடுதல். குழுக்களின் உண்மையான வேட்டை அங்கேதான். அங்கே யாருக்கும் விலை திரையில் முழுதாகத் தெரிவதும் இல்லை. எனவே இந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரிகிற புண்ணுக்கு மட்டும் மருந்து.

தீவுக் கடை என்பது கரிபியனோடு முடிகிற கதையும் இல்லை. 1993 இல் அவுஸ்திரேலியத் தலைநகர் கன்பெராவின் அரச டோட் நிறுவனம், பசுபிக் தீவான வனுவாட்டுவில் இருந்த ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் செய்தது; தீவில் கட்டும் காசு கன்பெரா வழியாக விக்ரோறியா மாநிலத்துப் பெரிய டோட் தொகையோடு சேரும். பெரிய ஆட்டக்காரர்களைச் சலுகை காட்டி இழுத்துவிடுவார்கள் என்று விக்ரோறியா பயந்து, 1994 இல் கன்பெராவையே தன் டோட்டிலிருந்து வெட்டிவிட்டது. விவகாரம் முற்றி, பொறுப்பான அமைச்சர் நம்பிக்கையில்லாப் பிரேரணையில் பதவி இழந்தார். சின்னத் தீவுக் கடைக்காக பெரிய டோட்டோடு உள்ள கூட்டையே பணயம் வைக்கலாமா என்ற கேள்வி அன்றே கேட்கப்பட்டுவிட்டது.

ஹொங்கொங்தான் இதில் நிதானமாகக் கணக்குப் போட்ட இடம். 1996/97 இல் அங்கு றேஸையும் டோட்டையும் நடத்தும் ஜொக்கி கிளப்பின் றேஸ் பந்தயத் தொகை 92 பில்லியன் ஹொங்கொங் டொலர். 2005/06 இல் 60 பில்லியனுக்கு வந்துவிட்டது. போன காசு கள்ள புக்கிகளிடமும் (புக்கி என்பவர் தானே விலை வைத்துப் பந்தயம் எடுப்பவர்) கடல் கடந்த கடைகளிடமும் போனது. அவர்கள் 10 வீதம் கழிவு கொடுத்தார்கள். கிளப்பால் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் வரி மொத்தப் பந்தயத் தொகையின் மேல். உதாரணத்துக்குப் பிடித்தம் 18, வரி 12 என்றால் கையில் மிஞ்சுவது 6. அதிலிருந்து 10 கழிவு கொடுப்பது எப்படி? 2006 செப்ரெம்பரில் வரியை மொத்த இலாபத்தின் மேல் மாற்றினார்கள். வீதம் 72.5 முதல் 75, கேட்கத் தலை சுற்றும்தான். ஆனால் கழிவாகக் கொடுத்த காசுக்கு வரி இல்லை என்றானது. கிளப் உடனே 10,000 ஹொங்கொங் டொலருக்கும் அதற்கு மேலும் கட்டித் தோற்ற ரிக்கெற்றுகளுக்கு 10 வீதம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. 2013/14 இல் தொகை 100 பில்லியனைத் தாண்டியது. இங்கே கழிவு கொடுப்பது பந்தயத்தின் சொந்தக்காரனே. நடுவில் 3 டொலர் எடுக்கிற கடை இல்லை, சிக்னலை மலிவாக விற்ற பழியும் இல்லை. சின்ன ஆட்டக்காரனுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். 10,000 ஹொங்கொங் டொலர் என்றால் நம் காசில் நாலு இலட்சத்துக்குக் கிட்ட. அந்தக் குறையை ஒத்துக்கொண்டாலும், பார்த்தவற்றில் இதுதான் நேர்மையான தீர்வு என்பது என் முடிவு.

பிரித்தானியாவில் புக்கி முறை என்பதால் வழி வேறு, வலி ஒன்று. அந்த நாளில் கடையில் கட்டினால் 9 வீதம் பிடித்தார்கள். 1999 இல் ஒரு பெரிய புக்கி ஜிப்ரால்டருக்குப் போய் அதைவிட மிகக் குறைவாகப் பிடித்தார். மற்றவர்களும் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். 2001 ஒக்ரோபரில் அரசு ஆட்டக்காரன் மேலிருந்த வரியை எடுத்துவிட்டுப் புக்கியின் மொத்த இலாபத்தில் 15 வீதம் என்றாக்கியது. ஆனால் புக்கிகளிடமிருந்து றேஸுக்குப் போக வேண்டிய லெவி என்ற அறவீடு, கடல் கடந்த ஒன்லைன் கிளைகளைப் பிடிக்கவில்லை. 2016/17 இல் லெவி 50 மில்லியன் பவுணுக்குக் கீழே விழுந்தது. 2017 ஏப்ரலில் சட்டம் திருத்தி, எங்கிருந்து நடத்தினாலும் பிரித்தானிய ஆட்டக்காரரிடமிருந்து வரும் இலாபத்தில், முதல் 5 இலட்சம் பவுண் போக, 10 வீதம் என்றார்கள். அடுத்த வருசமே 95 மில்லியன். கடை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஆட்டக்காரன் எங்கே இருக்கிறான் என்று பார்த்ததன் பலன். இந்தியா நேர் எதிர்த்திசையில் போகிறது: கட்டும் முழுத் தொகைக்கும் 28 வீதமாக இருந்த ஜிஎஸ்ரி வரி, 2025 செப்ரெம்பர் 22 முதல் 40 வீதம். பெங்களூரிலும் மும்பையிலும் கள்ள புக்கிக்கு இதைவிட நல்ல விளம்பரம் யாரும் செய்ய முடியாது.

நம் பக்கம் வருவோம். கொழும்பு மைதானம் 1950 களிலேயே ஓய்ந்துவிட்டது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலத்தையொட்டி ஓடும் குதிரைகள்தான் இன்றைய இலங்கை றேஸின் முகம். யாழ்ப்பாணத்துப் புக்கிக்கடையில் மாலை ஆறு மணியிலிருந்து ஓடுவது பிரித்தானிய மைதானங்கள். இங்கே கட்டிய காசு எந்த டோட்டிலும் சேராது. புக்கி தன் கையிலேயே வைத்து, அங்கத்தைய ஆரம்ப விலைப்படி, அதாவது ஓட்டம் தொடங்கும்போது நின்ற விலைப்படி, கணக்கு முடிப்பார். அரசுக்கு 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டப்படி வருடாந்த அறவீடு உண்டு. நேரடி ஒளிபரப்போடு நடத்தும் கடைக்கு அது கூடுதல், இல்லாத கடைக்குக் குறைவு. அதற்கு மேல் மொத்த வசூலில் ஒரு குறித்த வீதம். 2023 இல் அது 15, 2025 இல் 18 ஆனது. வண்டிச்சவாரிக்கு ஊர்க்காரரும் வெளிநாட்டு உறவுகளும் பரிசு போடுவதால் அங்கே மாடு வளர்ப்பவனுக்கு ஏதோ மிஞ்சுகிறது. புக்கிக்கடைக் காசில் நுவரெலியாக் குதிரைக்குப் புல்லுக்கட்டு வாங்கவும் வழி இல்லை.

அந்தப் புக்கியும் வரி கட்டுகிற ஆள்தான். இப்போது அவருக்கே போட்டி, வட்ஸ்அப்பில் வரும் கடல் கடந்த செயலிகள். "10 வீதம் கேஷ்பேக்", "10,000 போனஸ்" என்பவை மேலே சொன்ன கழிவு என்று யாராவது நினைத்தால் அது வேறு சாமான். கணினிக் குழுவுக்குக் கிடைப்பது கட்டிய தொகையில் கழிவு, நிபந்தனை இல்லை. செயலியின் போனஸுக்கு நிபந்தனை, அதைப் பத்து மடங்கு சுழற்றிய பிறகே எடுக்கலாம் என்பது. அதாவது 10,000 க்கு 100,000 ரூபாப் பந்தயம். அதில் எவ்வளவு தேயும் என்று பார்க்க ஒட்ஸைக் கூட்டிப் பாருங்கள். 2/1 என்றால் இரண்டு எண்ணையும் கூட்டி, 100 ஐ 3 ஆல் பிரிக்க 33.3, 3/1 க்கு 25, 4/1 க்கு 20, 6/1 க்கு 14.3, 8/1 க்கு 11.1, 10/1 க்கு 9.1. ஆறு குதிரைக்கும் கூட்டினால் 112.8. நூறுக்கு மேலுள்ளது புக்கியின் பங்கு. 100 ஐ 112.8 ஆல் பிரித்தால் 0.887, ஆகப் பிடித்தம் 11.3 வீதம். 100,000 சுழற்றி முடியச் சராசரியாக 11,300 போயிருக்கும். போனஸ் 10,000. குதிரை கூடக் கூட இந்தக் கூட்டுத்தொகையும் கூடும். பதினாறு குதிரை ஓடும் றேஸில் கணக்கு இன்னும் மோசம்.

கேஷ்பேக்கில் பார்க்க வேண்டியது, எதன் மேல் 10 வீதம் என்பது. தோற்ற ஒவ்வொரு ரிக்கெற்றுக்கும் என்றால் நாலுக்கு ஒன்று வெல்கிற ஆளுக்கு அது கட்டிய தொகையில் 7.5 வீதம்; நூற்றுக்கு இரண்டு வெல்லும் சேர்க்கைப் பந்தயக்காரனுக்கு 9.8. கிழமை முடிவில் மொத்த நட்டத்தில் என்றால் கதை மாறிவிடும்: 100,000 சுழற்றி 11,300 தோற்றவருக்கு 1,130, கட்டிய தொகையில் ஒரு வீதம் சொச்சம். வென்ற கிழமைக்கு ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே "10 வீதம்" தான்.

செயலி டோட் விலை கொடுக்கிறது என்றால் காசு உண்மையில் மைதானத்துப் பந்தயத்துக்குள் போகிறதா என்றும் பார்க்கலாம். சின்ன மைதானம் ஒன்றின் மெல்லிய பந்தயத்தில், மொத்தம் சில ஆயிரம் டொலர் மட்டும் சேர்ந்திருக்கும் றேஸில், 200 டொலர் கட்டினால் மைதானத்தின் சொந்தத் திரையில் தொகை அசைய வேண்டும். அசையாவிட்டால் கடைக்காரர் உங்கள் காசைத் தன் மேசை இலாச்சியிலேயே வைத்திருக்கிறார். அப்போது மைதானத்துக்கு 3.50 கூடக் கிடையாது, ஜொக்கிக்கும் லாயக்காரனுக்கும் ஒரு சதமும் இல்லை. பெரிதாக வென்றால், உச்சவரம்பு ஒன்று விதிமுறையில் எங்கோ எழுதியிருந்தது அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியவரும்.